மதியம் மட்டும் உயிரோடிருக்கும் எண்

அந்த எண்ணுக்குக் காலையில் உயிர் இல்லை. சாயங்காலம் உயிர் இல்லை. ராத்திரி கேட்கவே வேண்டாம். ஆனால் மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் அது எழுந்து உட்கார்ந்து அழகாக மணி அடித்தது. யாரும் எடுப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி செத்துவிடும்.

"பேயா இருந்தாலும் ஒழுங்கான பேய் மாமா," என்றான் ரேடியோ, ஃபோனை வக்கீலம்மாவின் மேஜைமேல் வைத்தபடி. "வேலை நேரத்துல யாரையும் தொந்தரவு பண்றதில்ல. லஞ்சுக்கு மட்டும் வருது."

மாமா ஜன்னல் ஓரமாக ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார். நெட்டை உடம்பு, நீளக் கழுத்து, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிற பழக்கம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவருக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலையை விட்டுத் துப்பறியும் தொழில் தொடங்கியபோது பெயரும் கூடவே வந்தது. உதவியாளாக மனைவியின் தம்பியும் வந்தான். தூக்கத்திலும் வாய் ஓயாது என்பதால் அவன் ரேடியோ. அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று கூடப் பிறந்த அக்காவுக்கே தெரியாது.

"பேய் ஜோக்கெல்லாம் அப்புறம்," என்றாள் வக்கீலம்மா. ராத்திரி தூங்காத கண்கள். "நாளைக்குக் காலைல விசாரணை. பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர்லேருந்து மாணவர்களோட விவரம் மொத்தமும் திருடு போச்சு. அதை அவங்க மறுக்கல. 'பேப்பர்ல வந்த அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும், தெரிஞ்ச உடனே எல்லாருக்கும் சொல்லிட்டோம்'ங்கறாங்க. ஜட்ஜ் அதை நம்பிட்டார்னா வழக்கு வாசல்லயே தள்ளுபடி. அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நான் காட்டணும். காட்ட என்கிட்ட என்ன இருக்கு? உங்க பேய்தான் இருக்கு."

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாணவி நிமிரவில்லை. அவளுடைய இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. எலும்பு சரியாகச் சேரவில்லை என்று பிரித்துவிட்டு மறுபடி போட்ட கட்டு. அவள் எழுதுகிற கை அது. வக்காலத்தில் வலது கையால் போட்ட கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருந்தது.

கணவனிடமிருந்து தப்பி வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, பகலில் வேலையும் மாலையில் வகுப்புமாக இருந்தவள். திருட்டு விவரம் எங்கேயோ விலைக்கு வந்தது. அவன் வாங்கினான். ஒரு நாள் மாலை வகுப்பு விட்டு வெளியே வந்தபோது வாசலில் நின்றான். அவள் கை முறிந்து சில நாள் கழித்துத்தான் பேப்பரில் செய்தியே வந்தது. போலீசில் சொன்னதற்கு, ஆள் கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

வழக்கு நிலைத்தால், வேறு இடத்தில், பெயர் தெரியாமல், கை தேறிய பிறகு அவள் கடைசிப் பரீட்சை எழுத கோர்ட் உத்தரவு வாங்கலாம். தள்ளுபடியானால் அதே கட்டடம், அதே வாசல். அந்த வாசலுக்குப் போகமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்," என்றாள் இப்போது, தரையைப் பார்த்தபடி. "நான் அன்னிக்கே படிப்பை நிறுத்திட்டு வேற ஊருக்குப் போயிருப்பேன். கையாவது மிஞ்சியிருக்கும்."

ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பேசுவது.

"தங்கச்சி, பேயைப் பிடிச்சவன் நான். மாமா இல்ல. அதை மறந்துடாதே."

அது உண்மை. பல்கலைக்கழகம் கோர்ட்டில் கொடுத்த நகலில், திருடு போன விவரங்களை ரேடியோதான் உட்கார்ந்து படித்தான். மாணவியின் துறையில் ஒரு பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டான். அவள் ஒரு நாள்கூட வகுப்புக்குத் தாமதமாக வரவில்லை. ஒரு நாள்கூடத் தலைவலி என்று லீவு போடவில்லை. லைப்ரரிப் புத்தகத்தை நாள் தவறித் திருப்பிக் கொடுக்கவில்லை. அடையாள அட்டையைத் தொலைக்கவில்லை. 'மாமா, இது மனுஷப் பிறவியே இல்ல' என்று கத்தினான். மாணவியைக் கேட்டால், அப்படி ஒருத்தி எங்கள் துறையில் கிடையவே கிடையாது என்றாள்.

அன்றைக்குத்தான் கொக்கு இந்த வழக்கில் முதல் தடவையாகச் சிரித்தார். "பொறி," என்றார். "சில கடைக்காரங்க கல்லாவுல அடையாளம் போட்ட நோட்டு ஒண்ணு வெச்சிருப்பாங்க. அது வெளியே நடமாடினா கல்லாவுல யாரோ கை வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். அதே வித்தை. இல்லாத பொண்ணு, ஆனா இருக்கிற ஃபோன். அவ பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா, பெட்டி உடைஞ்சாச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். அந்த ஃபோன் யார்கிட்ட இருக்கு, முதல் தடவை எப்ப அடிச்சது? நமக்கு இது ரெண்டும் போதும்."

இப்போது ஜன்னலோரத்தில் கொக்கின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"மத்த நேரத்துல அந்த எண்ணுக்குப் போட்டா என்ன சொல்றான்? சுவிட்ச் ஆஃபா?"

"இல்ல மாமா. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அந்தப் பொம்பளை குரல்ல..."

"அப்ப ஃபோன் அணைஞ்சு கிடக்கல. சிக்னல் போகாத இடத்துல கிடக்குது. சாப்பாட்டு நேரத்துல மட்டும் யாரோ அதை வெளியே தூக்கிட்டு வர்றாங்க." மாணவியைப் பார்த்தார். "அம்மா, உங்க பல்கலைக்கழகத்துல தரைக்குக் கீழே என்ன இருக்கு?"

அவள் யோசித்தாள். "நிர்வாகக் கட்டடத்துக்கு அடியில கம்ப்யூட்டர் அறை இருக்கு. அங்க ஒருத்தர்தான் வேலை பார்க்கறார். எல்லாரும் அவரைப் 'பாதாளம்'னு சொல்வாங்க. நான் பார்த்ததில்ல."

கொக்கு செருப்பை மாட்டிக்கொண்டார். வாய் நிறைய வார்த்தை வைத்திருந்த ரேடியோவும் ஓடினான். வக்கீலம்மாவும் கோர்ட்டுக்குக் கிளம்பினாள். "நான் இங்கே தனியா உக்கார மாட்டேன். பின்பக்கமா போகலாம்," என்று மாணவியும் எழுந்தாள்.

நிர்வாகக் கட்டடத்தின் பின்பக்கம் சிமெண்ட் பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. குமாஸ்தாக்களும் தட்டச்சுக்காரிகளும் காவலாளியும் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். மாணவி தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள். அந்த வழியாக யார் வந்தாலும் முதலில் அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"போடு," என்றார் கொக்கு.

ரேடியோ எண்ணைத் தட்டினான். எங்கேயோ பக்கத்தில் மணி அடித்தது. பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையையும் கைப்பையையும் தொட்டுப் பார்த்தார்கள். தங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

"அத்தனை பேரும் தேடறாங்களே மாமா. எவன்னு கண்டுபிடிக்கிறது?"

"தேடாதவன் எவன்னு பாரு."

கடைசி பெஞ்சில் வெளுத்த முகத்தோடு ஒரு மனிதர். வெயிலே படாத சருமம். அவர் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. மடியிலிருந்த சாப்பாட்டுப் பையின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார், உள்ளே ஏதோ குழந்தை அழுகிற மாதிரி.

ரேடியோ போய் ஒட்டி உட்கார்ந்தான். "அண்ணே, உங்க சாப்பாடு கூப்பிடுது. எடுக்கலையா?"

அவர் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

"நீங்க பேப்பர்க்காரரா?"

"பேப்பர்ல எங்களைப் போட்டா விலை போகாதுண்ணே."

"நான் யார்கிட்டயும் எதுவும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தயவுசெய்து போயிடுங்க."

"எங்ககிட்ட பேச வேண்டாம்," என்றார் கொக்கு. கொஞ்சம் நகர்ந்து நின்றார். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் தூணருகே மாவுக்கட்டுக் கை தெரிந்தது.

பாதாளம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவை மூடினார். "கீழே வாங்க," என்றார்.

படி இறங்க இறங்க ரேடியோவின் ஃபோனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கீழே கனத்த கதவு. உள்ளே உடம்பை இறுக்கும் குளிர். அலமாரி அலமாரியாக நின்ற இயந்திரங்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலி முதுகில் கம்பளிச் சட்டை.

"பொறி வைக்கலாம்னு சொன்னதே நான்தான் சார்," என்றார் பாதாளம். "இல்லாத பொண்ணை நானே உருவாக்கினேன். ஃபோனும் வாங்கி வெச்சேன். கட்டடத்திலேயே பத்திரமான ரூம் எது? இதுதான். இங்க வெச்சுப் பூட்டிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சது, இங்க சிக்னலே கிடையாதுன்னு. எச்சரிக்கை மணியைக் கொண்டு வந்து காது கேக்காத ரூம்ல கட்டியிருக்கேன்."

"அப்புறம்?"

"கூடவே எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். வீட்டுக்கும். ஒரு நாள் என் மனைவி அதை எடுத்துப் பார்த்துட்டா. போயும் போயும் அவ கண்ணுலதானா படணும். ஒரு பொண்ணு பேரைப் போட்டு ஒரு தனி ஃபோன். நான் விளக்கம் சொல்லச் சொல்லக் கதை இன்னும் மோசமாப் போச்சு."

"இல்லாத பொண்ணுக்காக வீட்ல உதை வாங்கின ஒரே ஆம்பளை நீங்கதாண்ணே."

பாதாளம் சிரித்தேவிட்டார். மாணவியின் உதட்டோரமும் லேசாக அசைந்தது. ரேடியோவுக்குப் பரம திருப்தி.

"முதல் தடவை எப்ப அடிச்சது?" என்றார் கொக்கு.

சிரிப்பு போய்விட்டது. "புது மாணவர் சேர்க்கை நடந்துட்டிருந்த சமயம். பேப்பர்ல வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. மேல பெஞ்சுல சாப்பிட்டுட்டு இருந்தேன். எடுத்தேன். அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிக் கேட்டான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேரா பதிவாளர் ரூமுக்கு ஓடினேன். திருடு போயிடுச்சு, எல்லாருக்கும் சொல்லணும்னேன். அவர் என்னை உக்கார வெச்சார். 'சேர்க்கை நடக்குற நேரம். இது வெளியே போனா எவன் வந்து சேருவான்? அந்த ஃபோனை இனிமே கீழேயே வை' அப்படின்னார். கீழே வெச்சா அது அடிக்காதுன்னு அவருக்கும் தெரியும் சார்."

"ஆனா நீங்க மேல கொண்டு வர்றீங்க."

"மனசு கேக்கல. மத்தியானம் மட்டும். வீட்டு நாயை வெளியே கூட்டிட்டுப் போற மாதிரி. எடுக்கறதில்ல. அடிக்குதான்னு பார்ப்பேன். அவ்வளவுதான்."

"அந்த முதல் அழைப்பு பதிவாயிருக்கா?"

"எல்லா அழைப்பும் தானா பதிவாகும். தேதி, நேரத்தோட."

ரேடியோ விசிலடிக்க உதட்டைக் குவித்து, இடம் கருதி விட்டுவிட்டான். கொக்கு மட்டும் அவசரப்படவில்லை. "நாளைக்குக் கோர்ட்ல வந்து இதைச் சொல்வீங்களா?"

பாதாளம் இயந்திரங்களைப் பார்த்தார். பிறகு மாவுக்கட்டைப் பார்த்தார். "வேலை போகும்," என்றார். "போகட்டும். சொல்றேன்."

மாணவி வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிண்ணா," என்றாள். அந்த அறையின் குளிர்கூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி ரேடியோவுக்குப் பட்டது. நாளைக்கு ஜட்ஜ் முகம் எப்படிப் போகும், பதிவாளர் முகம் எப்படிப் போகும் என்று நடித்துக் காட்டக்கூட ஆரம்பித்தான்.

"முதல்ல கேட்டுடலாம்," என்றார் கொக்கு.

பாதாளம் ஃபோனை மேஜைமேல் வைத்துத் தட்டினார். முதலில் காற்றுச் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல். இதமான, அவசரமில்லாத குரல். பொறிப் பெண்ணின் பெயரைச் சொல்லி, மேடம் இருக்காங்களா என்றது.

"வெளியே போயிருக்காங்க. நான் அவங்க அண்ணன்." இது பாதாளத்தின் குரல், மூச்சு வாங்கியபடி.

"பார்சல் ஆபீஸ்லேருந்து பேசறேங்க. பார்சல்ல பேரு நனைஞ்சு அழிஞ்சு போச்சு. இடது கைக்காரங்க பிடிக்கற கத்தரிக்கோல் ஒண்ணு இருக்கு. உங்க தங்கச்சி துறையில படிக்கற மேடம்னு மட்டும் தெரியுது. பகல் வகுப்பு. உங்க தங்கச்சிதானுங்களே?"

"இல்லைங்க, விவரம் தப்பு. என் தங்கச்சி வலது கை. பகல் வகுப்புல இடது கைக்காரங்களே கிடையாது. மாலை வகுப்புலதான் ஒருத்தங்க. அவங்களுக்காகவே இடது பக்கம் பலகை வெச்ச நாற்காலி ஒண்ணு போடறோம்."

"மாலை வகுப்புங்களா?"

"ஆமாங்க. மாலை வகுப்பு."

"ரொம்ப உபகாரமுங்க," என்றது குரல். முடிந்தது.

போடறோம் என்ற சொல்லில் அண்ணன் வேஷம் கலைந்துபோனதை ரேடியோ கவனித்தான். நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. மாணவியின் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

அவள் சுவரோடு சாய்ந்திருந்தாள். நல்ல கை, கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தது.

"அவன்தான்," என்றாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி இப்படித்தான் மெதுவாப் பேசுவான்."

அவளே தொடர்ந்தாள். "என் புதுப் பேர் அவனுக்குத் தெரியாது. நான் என்ன படிக்க ஆசைப்பட்டேன்னு தெரியும். அந்தத் துறையில இருக்கற பொண்ணுங்க எல்லாருக்கும் வரிசையா ஃபோன் போட்டிருக்கான். தெரியாத எண்ணை நான் எடுக்கறதில்ல. அத்தனை பேர் நடுவுல இடது கைக்காரி நான் யாருன்னு..." முடிக்கவில்லை.

பாதாளம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "திருடன்னு நினைச்சேன். பணம் பறிக்கற கும்பல்னு நினைச்சேன். எண்ணைக்கூடக் காட்டல. விவரத்தைத் தப்பா சொன்னான்மா. பகல் வகுப்புன்னான். திருத்தினேன். நாள் முழுக்க நான் செய்யற வேலையே அதுதான். தப்பா இருக்கற விவரத்தைத் திருத்தறது. வாயில தானா வந்துடுச்சு." அவளைக் கும்பிடப் போன அவர் கை பாதியிலேயே நின்றது. "அது நீங்கதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான்," என்றாள் அவள். அந்தப் பதில் அவரை இன்னும் சுருங்க வைத்தது.

வக்கீலம்மாவிடம் சொல்ல மேலே வர வேண்டியிருந்தது. படிகள் முடிகிற இடத்தில், சுவரோரமாக நால்வரும் நின்றார்கள். கொக்கு ஒலிபெருக்கியைப் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"அந்தப் பதிவைப் போட்டா அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நிரூபணம் ஆயிடும்," என்றாள் வக்கீலம்மா. "ஆனா அவங்க வக்கீல் எழுந்து என்ன கேப்பார் தெரியுமா? 'இந்தப் பொண்ணைக் காட்டிக் கொடுத்தது திருட்டா, இந்த ஆள் வாயா? அவர் சொந்தமா உளறினதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?'ன்னு கேப்பார். அவரை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிட்டு, நாங்க தண்டிச்சாச்சுன்னும் சொல்வாங்க. அவ கைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமில்லன்னு ஆயிடும். அப்புறம் வேற இடத்துல பரீட்சைன்னு நான் எதை வெச்சுக் கேப்பேன்?"

"முன்பாதியை மட்டும் போட முடியாதா?" என்றான் ரேடியோ. தனக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"முழுசா கேட்டுத்தான் வாங்குவார் ஜட்ஜ்."

"போடலைன்னா?"

"நாளைக்கே தள்ளுபடி." மூச்சு விடும் சத்தம். "போட்டாலும் அவளுக்கு ஒண்ணும் கிடைக்காம போகலாம். சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லச் சொல்லுங்க. இது அவ முடிவு. நான் எடுக்கக் கூடாது."

கொக்கு ஃபோனை அணைத்தார். மாமா ஏதாவது சொல்வார் என்று ரேடியோ காத்திருந்தான். இத்தனை வருஷத்தில், எந்த முட்டுச் சந்திலும் மாமாவின் கழுத்து கடைசி நிமிஷத்தில் ஒரு பக்கம் திரும்பும். ஒரு வார்த்தை வரும். இன்று கழுத்து திரும்பவில்லை. கொக்கு தன் நீளக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல.

அப்போதுதான் ரேடியோவின் கையில் மணி அடித்தது.

அவனுடைய ஃபோன் இல்லை. மேலே வரும்போது மேஜையிலிருந்து எடுத்து வந்த பொறி ஃபோன். திரையில் எண் இல்லை. எண் மறைக்கப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தது.

"தினமும் இந்த நேரத்துக்கு ஒண்ணு வருது," என்று முணுமுணுத்தார் பாதாளம். "நான் எடுக்கறதே இல்ல."

யார் என்று தெரியாது. யாரோ கடன் அட்டை விற்கிறவனாக இருக்கலாம். வேறு திருடனாக இருக்கலாம். வேறு வீட்டுக்கு மாறிவிட்ட ஒரு பெண்ணை மறுபடி தேடுகிற இதமான குரலாகவும் இருக்கலாம். எடுத்தால் குரல் கேட்கும். எடுத்தால், இங்கே ஆள் இருக்கிறது என்று அவனுக்கும் தெரிந்துவிடும். ரேடியோ மாமாவைப் பார்த்தான். மாமா மாணவியைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெஞ்சுகளில் மறுபடி எல்லோரும் தங்கள் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மாணவி பாதாளத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, கீழே சிக்னலே வராதுன்னு சொன்னீங்களே. நிஜமாவே எதுவும் வராதா?"

"வராதும்மா."

"சாயங்காலம் வரைக்கும் நான் அங்க உக்காந்துக்கட்டுமா?"

அவர் சாவியை எடுத்தார். வளையத்திலிருந்து சரியான சாவி உடனே வரவில்லை. வந்ததும் முன்னால் இறங்கினார். அவள் கட்டுப் போட்ட கையைச் சுவரில் இடித்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். கனத்த கதவு திறந்து, மூடிய சத்தம் கேட்டது.

ஃபோன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ரேடியோவும் அதை ஏந்திக்கொண்டு படியில் இறங்கினான். பாதி வழியில் மணி அறுந்தது. அவன் அங்கேயே இருட்டில் உட்கார்ந்தான். மேலேயிருந்து மாமா, "என்ன?" என்றார்.

ரேடியோ வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.